புடைப்புப் புள்ளியும் எழுத்தும்: இலக்கமுறைப் பனுவலில் தமிழ்ப் பிரெயிலின் குறியேற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒருங்குறித் தரத்தில் பிரெயிலுக்கென 256 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுகூடத் தமிழெழுத்து அன்று. ஆங்கில எழுத்தும் அன்று. அங்கே குறியேற்றம் பெற்றிருப்பவை வடிவங்கள் மட்டுமே. எழுத்தைக் குறியேற்றுவதே தன் நெறி எனக் கொண்ட ஒரு தரம், பிரெயிலுக்கு மட்டும் வடிவத்தைக் குறியேற்றியது ஏன் என்பதையும், 1951இல் உருவான பாரதி பிரெயிலின் வழிவந்த தமிழ்ப் பிரெயில் அந்த ஏற்பாட்டினுள் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பிரெயில் கோப்பிலிருந்து தமிழ்ப் பனுவலை மீட்பதில் எழும் மயக்கங்களையும், அவற்றுள் சிலவற்றைத் தமிழின் மொழிமுதல் மரபும் உடம்படுமெய் மரபும் தீர்த்துவைக்கும் முறையையும் எடுத்துக்காட்டுகளுடன் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பாரதி பிரெயில், ஒருங்குறி, குறியேற்றம், மெய்ப்புள்ளி, மொழிமுதல் எழுத்து, ஆஸ்கி பிரெயில்

முன்னுரை

தமிழ் எழுத்து வரலாறு பேசும் நூல்கள் தமிழி, வட்டெழுத்து, கிரந்தம், அச்செழுத்து, கணினி எழுத்துரு என்னும் வரிசையில் செல்வது வழக்கம். அவ்வரிசையில் பிரெயில் இடம்பெறுவதில்லை. அது மாற்றுத்திறனாளர் கல்வி பற்றிய நூல்களுக்கு உரிய பொருளாக ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் தமிழ் நெடுங்கணக்கு முழுவதையும் எழுதவல்ல, தனக்கெனத் தனி எழுத்திலக்கணம் கொண்ட ஒரு முறையை எழுத்து வரலாற்றினின்றும் நீக்கிவைப்பதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை. இவ்விடுபாடு ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. பார்வையற்ற தமிழ் மாணவர் ஒருவர் இன்று இலக்கண நூலொன்றைக் கணினிவழி விரலால் படிக்கும்போது, அவர் தொடுவது மூல நூலின் எழுத்துத்தானா என்பதைக் குறியேற்றமே முடிவு செய்கிறது.

இக்கட்டுரையில் 'புள்ளி' என்னும் சொல் பிரெயிலின் புடைப்புப் புள்ளியைக் குறிக்கும். ஒற்றெழுத்தின் தலைமேல் இடும் புள்ளி 'மெய்ப்புள்ளி' எனப்படும். ஆறு புள்ளிகளுக்குரிய இடம் 'அறை' எனப்படும்.

ஆறு புள்ளிகளும் அறுபத்து நான்கு வடிவங்களும்

பாரிசு நகரில் வாலந்தின் ஆவி என்பார் 1785இல் நிறுவிய பார்வையற்றோர் பள்ளியில், உரோமன் எழுத்துகளையே தாளில் பெரிதாகப் புடைக்கச் செய்து படிக்கும் முறை இருந்தது. கண்ணுக்கென்று அமைந்த வளைவுகளை விரல் மெல்லத் தடவி அறிய வேண்டியிருந்தது. எழுதுவதோ மாணவருக்கு இயலாத செயல். படைத்துறையைச் சேர்ந்த சார்ல் பார்பியே வகுத்த முறை அப்பள்ளிக்கு வந்தபோது நிலை மாறியது. பார்பியேயின் அறையில் 12 புள்ளிகள் இருந்தன. அவை எழுத்தைக் காட்டாமல் ஒலியைக் காட்டின. அப்பள்ளி மாணவரான லூயி பிரெயில் (1809-1852) அறையை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். விரல்நுனி ஒரே தொடுகையில் அடக்கிக்கொள்ளும் அளவு அது. 1829இல் வெளிவந்த அவருடைய முதற்பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் கலந்திருந்தன. 1837ஆம் ஆண்டுப் பதிப்பில் கோடுகள் கைவிடப்பட்டன.

அறையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பக்கத்தில் 4, 5, 6 என்றும் புள்ளிகள் எண்ணப்படும். ஒவ்வோர் இடத்திலும் புள்ளி இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே வெற்றறை உட்பட 64 வடிவங்கள் கிடைக்கின்றன. இருநிலைக் கணக்கு கணினிக்கு அடிப்படையாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அக்கணக்கில் அமைந்த எழுத்துமுறை ஒன்று நடைமுறைக்கு வந்துவிட்டது எனலாம். ஆயினும் 64 என்னும் அந்த எண்ணிக்கைதான் பின்வந்த எல்லாச் சிக்கல்களுக்கும் தோற்றுவாய். எந்த மொழியாயினும் அதன் எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், இசைக்குறிகள் யாவும் இந்த 64க்குள் அடங்க வேண்டும். எனவே ஒரே வடிவம் இடத்திற்கேற்பப் பொருள் மாறுவது பிரெயிலின் இயல்பாயிற்று. எண்களையே சான்றாகக் காட்டலாம். பிரெயிலில் எண்களுக்கெனத் தனி வடிவம் இல்லை. 3456 என்னும் எண்குறியை முன்னிட்டு ஆங்கில அகரவரிசையின் முதற் பத்து எழுத்துகளுக்குரிய வடிவங்களை எழுதினால் அவை 1 முதல் 0 வரையுள்ள இலக்கங்களாகும்.

பாரதி பிரெயிலும் தமிழ் நெடுங்கணக்கும்

இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. தமிழ்நாட்டில் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி அவற்றுள் முன்னோடியானது. பள்ளிக்கொரு முறை, பகுதிக்கொரு முறை எனப் பிரெயில் பலவாகப் பிரிந்து கிடந்தது. 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டு சென்றது. அதற்கு அறிவுரையாளராக அமர்ந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கிளூத்தா மெக்கென்சி. முதல் உலகப்போரில், 1915இல் கலிப்போலிக் களத்தில் பார்வையிழந்தவர் அவர். 1950 மார்ச்சில் பாரிசிலும் 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் கூடிய மாநாடுகளின் விளைவாக இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒரு முறை ஏற்கப்பட்டது. அதுவே பாரதி பிரெயில்.

ஒலி ஒத்தால் வடிவமும் ஒக்க வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை. ககரத்திற்கு ஆங்கிலக் 'கே' எழுத்தின் 13, மகரத்திற்கு 'எம்' எழுத்தின் 134, லகரத்திற்கு 'எல்' எழுத்தின் 123 என்பன எளிதில் பொருந்தின. ஆங்கில எழுத்தில் நிகர் கிடைக்காத ஒலிகளுக்கு ஆங்கிலப் பிரெயிலின் சுருக்கக்குறிகள் கைகொடுத்தன. 'இங்' என்னும் ஈற்றுக்குரிய 346 ஙகரமாயிற்று. 'ஆர்' என்னும் சுருக்கத்தின் 345 ஆகாரமாயிற்று. 'எர்' என்பதன் 12456 றகரத்திற்கும், 'அவ்' என ஒலிக்கும் சுருக்கத்தின் 246 ஔகாரத்திற்கும் வந்தன. தமிழுக்குச் சிறப்பான ழகரம் 12356 என்னும் வடிவத்தைப் பெற்றது. ஆங்கிலத்தில் அது 'ஆஃப்' என்னும் சொல்லுக்குரிய குறி.

எகர ஒகரங்களின் நிலை தனித்து நோக்கத்தக்கது. வடஇந்திய மொழிகளில் நெடில்களே பெருவழக்கு. எனவே ஆங்கில 'இ', 'ஓ' எழுத்துகளின் எளிய வடிவங்களான 15, 135 ஆகியவை ஏகார ஓகாரங்களுக்குச் சென்றன. தமிழின் எகரம் 26 என்னும் வடிவத்தையும், ஒகரம் 1346 என்னும் வடிவத்தையும் ஏற்க நேர்ந்தது. பழந்தமிழ் எழுத்தில் எகர ஒகரங்கள் புள்ளி பெற்று நெடிலினின்றும் வேறுபட்டன. பின்னாளில் வீரமாமுனிவர் காலத்தில் அவ்வேறுபாடு நெடிலின்மேல் ஏற்றப்பட்டது. குறிலா நெடிலா எது அடிப்படை என்னும் அந்தப் பழைய வினா, அனைத்திந்தியச் சட்டகம் ஒன்றினுள் மீண்டும் எழுந்து, இம்முறை நெடிலுக்குச் சார்பாக விடைபெற்றது எனக் கொள்ளலாம்.

இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் பொருத்தும் முயற்சி கணினியுலகில் 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தில் நிகழ்ந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களின் அமைப்பும் அதன் வழிப்பட்டதே. பாரதி பிரெயில் அதே பணியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்து முடித்திருந்தது. ஒன்று மற்றொன்றைத் தழுவியது என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் பொதுச்சட்டகம் தமிழுக்குப் பொருந்துமா எனத் தமிழ்க் கணிமையில் பின்னர் எழுந்த விவாதங்களை நோக்க, பிரெயிலில் அப்பொருத்தம் பெரிதும் இடரின்றி அமைந்தமை கருதத்தக்கது. காரணம் எளிது. பிரெயிலில் உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை; மெய்யும் உயிரும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. 'கி' என்பது 13, 24 என்னும் இரண்டு அறைகள். மொழிமுதல் இகரத்திற்கும் 'கி' என்பதிலுள்ள இகரக் குறிக்கும் ஒரே வடிவம். ஆகவே 12 உயிர், 18 மெய், ஆய்தம், மெய்ப்புள்ளி என 32 வடிவங்களில் தமிழ் முழுதும் அடங்கிவிடுகிறது. தொல்காப்பியம் கூறும் முதலெழுத்து முப்பதும் இதில் நேராகவே காணக்கிடைக்கின்றன.

மெய்ப்புள்ளியின் இடம்

ஆனால் ஓரிடத்தில் பாரதி பிரெயில் இலக்கணத்தை விட்டு எழுத்துமரபைப் பின்பற்றுகிறது. உயிர்க்குறி பெறாத மெய்வடிவம் அகரம் ஏறிய உயிர்மெய்யாகவே படிக்கப்படும். 13 என்பது 'க', 'க்' அன்று. தனிமெய்யைக் காட்ட 4 என்னும் ஒற்றைப் புள்ளி வேண்டும். அது மெய்க்கு முன்னர் வரும். 'க்' என்பது 4, 13.

மெய்ப்புள்ளியின் இடம் இதனால் மூன்றாகிறது. ஏட்டில் அது எழுத்தின் மேல் உள்ளது. கண் இரண்டையும் ஒருங்கே காண்கிறது. ஒருங்குறியில் அது மெய்யின் பின் வரும் தனிக் குறியெண். பிரெயிலில் மெய்யின் முன் வரும் தனி அறை. விரல் ஒரு நேரத்தில் ஓர் அறையையே அறியும். 'க' எனப் படித்துவிட்டுப் பின்னர் அகரத்தை நீக்குவதைக் காட்டிலும், வரவிருப்பது ஒற்று என முன்னரே அறிவது விரலுக்கு எளிது. பாரதி முறையின் இம்முடிவு தொடுவாசிப்பின் இயல்பறிந்து எடுக்கப்பட்டது என்றே கருத வேண்டும்.

அகரம் ஏறிய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது மட்டுமே சாலும் வழியா என்பது வேறு வினா. ஐராவதம் மகாதேவன் பகுத்த தமிழ்-பிராமி முறைகளுள் முதலாவதில், குறியேதும் பெறாத வடிவம் தனிமெய்யையே காட்டும். அகரம் வேண்டுமெனில் கோடு இட வேண்டும். அந்நெறி பிரெயிலுக்கு ஏற்கப்பட்டிருப்பின் 'க்' ஓர் அறையிலும் 'க' ஈரறையிலும் அமைந்திருக்கும். 'வந்தார்கள்' என்னும் சொல் இன்று பத்து அறை, அந்நெறியில் ஒன்பது. 'அம்மா' இன்று ஐந்து, அந்நெறியில் நான்கு. 'பலர்' இன்று நான்கு; அந்நெறியில் ஐந்து. 'தமிழ்' இரண்டிலும் ஐந்தே. ஒற்று மிகுந்த சொல்லில் பழந்தமிழ் முறை சிக்கனமானது. அகரம் மிகுந்த சொல்லில் பாரதி முறை சிக்கனமானது. பிரெயில் நூல்கள் எவ்வளவு பருமனானவை என்பதைத் தூக்கிப் பார்த்தவர் அறிவர். அங்கே ஓர் அறை என்பது தாளின் அளவும் கூட.

வடிவமா, எழுத்தா?

கணினிவழிப் பிரெயில் ஆக்கம் 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஐபிஎம் 704 கணினியில் தொடங்கியது. அக்காலக் கணினிகளுக்குப் புள்ளிவடிவம் தெரியாது. அவை அறிந்தவை உரோமன் எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே. இதனால் 64 வடிவங்களுக்கும் 64 ஆஸ்கிக் குறிகளை ஒன்றுக்கொன்றாக இணைக்கும் வழக்கம் உருவாயிற்று. ஆஸ்கி வரிசையில் 32 முதல் 95 வரையுள்ள இடங்கள் இதற்குப் பயன்பட்டன. 1 என்னும் புள்ளிக்கு ஆங்கில 'ஏ', 13 என்பதற்குக் 'கே' என எழுத்துகள் எழுத்துகளாகவே நின்றன. எஞ்சியவற்றுக்குக் கிடைத்த குறிகள் ஒட்டப்பட்டன. பிரெயில் அச்சகங்கள் இன்றும் கையாளும் பிஆர்எஃப் கோப்புகள் இவ்வழி வந்தவை.

ஆங்கிலத்திற்கு இவ்வேற்பாடு ஓரளவு படிக்கத்தக்கதாகவே இருந்தது. தமிழுக்கு நேர்ந்தது வேறு. 'தமிழ்' என்னும் சொல் அக்கோப்பில் டி, எம், ஐ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும், மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியும், இடப்பக்கப் பிறை அடைப்பும் சேர்ந்த கோவையாக நிற்கும். ணகரம் 'ஹேஷ்' குறியாகும். எகரம் 5 என்னும் இலக்கமாகவும், ஈகாரம் 9 என்னும் இலக்கமாகவும் தோன்றும். இக்கோப்பைத் திறந்து பார்க்கும் நூலகர் அது தமிழ் என்று அறிய வழியில்லை. சிதைந்த கோப்பு என்றே எண்ணுவார். அது எம்மொழி என்னும் செய்தி கோப்பின் எந்த இடத்திலும் எழுதப்படுவதில்லை.

தமிழ் ஆய்வுலகுக்கு இந்நிலை புதியதன்று. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகளில் தமிழ் கண்ணுக்குத் தெரியும். கோப்பின் உள்ளே இருப்பவை உரோமன் குறிகளே. அவ்வாய்வேட்டைத் திரைவாசிப்பி தமிழாகப் படிக்காது; பிரெயில் காட்சிக்கருவியும் தமிழாகக் காட்டாது. பிஆர்எஃப் கோப்பில் விரலுக்குத் தமிழாக இருப்பது கணினிக்குத் தமிழன்று. பழைய எழுத்துருக் கோப்பில் கண்ணுக்குத் தமிழாக இருப்பதும் கணினிக்குத் தமிழன்று. இரண்டிலும் நோய் ஒன்றே.

1999 செப்டம்பரில் வெளியான ஒருங்குறி 3.0 பதிப்பில் பிரெயிலுக்குத் தனியிடம் கிடைத்தது. பதினறும எண்முறையில் 2800இல் தொடங்கும் 256 இடங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன. கணினிப் பயன்பாட்டில் 7, 8 என இரு புள்ளிகள் அறையின் அடியில் சேர்ந்து எட்டுப்புள்ளி அறை வழக்கிற்கு வந்திருந்தமையால் இந்த எண்ணிக்கை. இடங்களின் வரிசை மிக ஒழுங்கானது. 1ஆம் புள்ளிக்கு 1, 2ஆம் புள்ளிக்கு 2, 3ஆம் புள்ளிக்கு 4, 4ஆம் புள்ளிக்கு 8, 5ஆம் புள்ளிக்கு 16, 6ஆம் புள்ளிக்கு 32, 7ஆம் புள்ளிக்கு 64, 8ஆம் புள்ளிக்கு 128 என மதிப்பு. அறையிலுள்ள புள்ளிகளின் மதிப்பைக் கூட்டி 2800உடன் சேர்த்தால் குறியெண் கிடைத்துவிடும். ழகரத்தின் 12356 என்பது 1, 2, 4, 16, 32 ஆகியவற்றின் கூட்டாகிய 55; பதினறும முறையில் 37; எனவே குறியெண் 2837. 7, 8ஆம் புள்ளிகளுக்குப் பெருமதிப்புத் தந்தமையால் ஆறுபுள்ளி வடிவங்கள் அனைத்தும் முதல் 64 இடங்களுக்குள் தொடர்ச்சியாக அமைந்துவிட்டன.

இங்கே ஒவ்வோர் இடத்திற்கும் சூட்டப்பட்ட பெயர் எந்தெந்தப் புள்ளிகள் உள்ளன என்பதை மட்டுமே கூறும். 2837இன் பெயரில் ழகரம் இல்லை. 'ஆஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இல்லை. எழுத்தைக் குறியேற்றுவோம், அதன் தோற்றத்தை அன்று என்பது ஒருங்குறியின் பொதுநெறி. ஒரு ககரம் எவ்வெழுத்துருவில் எவ்வாறு வரையப்படினும் அதற்குக் குறியெண் ஒன்றே. பிரெயில் இந்நெறிக்குப் புறனடை. இங்குத் தோற்றமே குறியேற்றம் பெற்றது. எழுத்து என்பது வழங்கும் மொழிக்கும் மரபுக்கும் விடப்பட்டது.

இப்புறனடையைக் குறையென்று கொள்வது எளிது; ஆயினும் மாற்றுவழிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மொழிதோறும் பிரெயில் எழுத்துகளைத் தனித்தனியே குறியேற்றினால், ஒரே வடிவத்திற்குப் பல குறியெண்கள் உண்டாகும். விரலுக்கு வேறுபாடில்லாத ஒன்றைத் தட்டச்சிடுவோர் எவ்வாறு வேறுபடுத்துவர்? பிரெயிலைத் தமிழ் எழுத்துருக்களுள் ஒன்றாகக் கருதி, ககரத்தின் குறியெண்ணையே புள்ளியாகக் காட்டலாம் எனின், எண்குறியும் முன்வரும் மெய்ப்புள்ளியும் ஆங்கிலச் சுருக்கக்குறிகளும் அதில் அடங்கா. வடிவத்தைக் குறியேற்றியது பிரெயில் அச்சுப்பொறிக்கும் காட்சிக்கருவிக்கும் ஐயமற்ற ஆணையைத் தந்தது. அதற்குரிய விலையைப் பனுவல் செலுத்திற்று.

அவ்விலை எத்தகையது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். முதலாவது அகரவரிசை. குறியெண் மதிப்பின்படி அடுக்கினால் அகரம் 1, ககரம் 5, சகரம் 9, இகரம் 10, ஞகரம் 18 என வரும். சகரத்தை அடுத்து இகரம் நிற்கும் அகராதி ஒன்று உண்டாகும். இரண்டாவது வெற்றறை. 2800 என்னும் இடத்திலுள்ள வெற்றறை தாளில் சொல்லிடை வெளியே. ஆனால் ஒருங்குறி அதனை வெளியாக வகைப்படுத்தவில்லை. குறிகளுள் ஒன்றாகவே வகைப்படுத்தியது. வெளியைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் நிரல் ஒன்று இத்தகைய கோப்பில் ஒரு பத்தி முழுவதையும் ஒரே சொல்லாக எண்ணிவிடக்கூடும். சொல்லடைவு தொகுப்போருக்கு இது சிறு செய்தி அன்று.

பெயர்ப்பு அட்டவணைகள்

நடைமுறையில் தமிழ்ப் பனுவல் ஒருங்குறித் தமிழாகவே சேமிக்கப்பட்டு, படிக்கும் தருணத்தில் பிரெயிலாகப் பெயர்க்கப்படுவதே இன்று பெருவழக்கு. இப்பணியைச் செய்யும் கட்டற்ற மென்பொருள்களுள் முதன்மையானது லிப்லூயி. 2002இல் தொடங்கப்பட்ட இது லூயி பிரெயிலின் பெயரைத் தாங்கியது. என்விடிஏ உள்ளிட்ட திரைவாசிப்பிகள் இதனைப் பயன்படுத்துகின்றன. மொழிக்குரிய விதிகள் இதில் அட்டவணைகளாக எழுதப்பட்டுள்ளன. தமிழுக்கும் அட்டவணை உண்டு.

தமிழைப் பொறுத்தவரை இப்பெயர்ப்பு பெரும்பாலும் ஒன்றுக்கொன்றானது. 'வந்தார்கள்' ஒருங்குறியில் பத்துக் குறியெண்கள். பிரெயிலிலும் பத்து அறைகள். ஏட்டில் ககரத்திற்கு முன் தோன்றும் ஒற்றைக்கொம்பு ஒருங்குறியில் ககரத்திற்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. பிரெயிலின் வரிசையும் அதுவே. கட்புல வரிசையில் சேமித்த பழைய எழுத்துருக்களுக்கு இவ்வொற்றுமை இல்லை. முறை மாறுவது மெய்ப்புள்ளியில் மட்டும். பார்வையற்ற ஒருவர் காட்சிக்கருவியில் 4 என்னும் அறையைத் தொட்டுத் திருத்த முற்பட்டால், சுட்டி மூலப் பனுவலில் எங்கே நிற்க வேண்டும்? மெய்யின் முன்னா, மெய்க்கும் மெய்ப்புள்ளிக்கும் இடையிலா? இதற்காகவே லிப்லூயி, பெயர்த்த அறைகளோடு, எந்த அறை எந்தக் குறியெண்ணிலிருந்து வந்தது என்னும் இட அட்டவணையையும் சேர்த்துத் தருகிறது.

கண் காணாத பிழையை விரல் காணும் இடங்களும் உள. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறியை இடாமல், எகரக் குறியும் ளகரமும் இட்டுத் தட்டச்சிடுவது இணையத்தில் பரவலாகக் காணப்படும் பிழை. திரையில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். பிரெயிலில் முன்னது 13, 246. பின்னது 13, 26, 456. படிப்பவர் 'கெளரவம்' என ளகரத்தை ஒலித்தே படிக்க நேரிடும். தமிழ் எண்ணாகிய ஏழின் வடிவத்தை எகரத்தின் இடத்தில் இடுவதும் இத்தகையதே. மின்னூல் தொகுப்போர் மெய்ப்புத் திருத்துவதற்குப் பிரெயில் வாசகர் ஒருவரின் துணையைப் பெறுவது, இரக்கத்தின்பாற்பட்ட செயலாகக் கருதப்படாமல் பனுவல் திறனாய்வின் ஒரு கருவியாகவே கருதப்படல் தகும்.

மீள்பெயர்ப்பும் மொழிமரபும்

மூலப் பனுவல் மறைந்து பிரெயில் கோப்பு மட்டும் எஞ்சும்போது, அதிலிருந்து தமிழை மீட்க வேண்டியுள்ளது. இதில் எழும் முதல் மயக்கம் ணகரத்தினுடையது. பாரதி முறையில் ணகரத்தின் வடிவம் 3456. எண்குறியின் வடிவமும் 3456. இகரம் 24; இலக்கம் 9உம் 24. ஆகவே 3456, 24 என்னும் ஈரறைகளை 'ணி' எனவும் படிக்கலாம், '9' எனவும் படிக்கலாம். 'ணே' என்பதும் '5' என்பதும் இவ்வாறே ஒன்றாகும். மணி, பணி, அணி, துணி எனத் தமிழில் இத்தகு சொற்கள் ஏராளம்.

ஆயினும் பிரெயில் வாசகர் 'மணி' என்பதை 'ம9' எனப் படித்து இடர்ப்படுவதில்லை. அதற்குக் காரணம் தமிழின் மொழிமுதல் மரபு. ணகரம் சொல்லின் முதலில் வாராது என்பது தொல்காப்பியம் முதலாக அறியப்பட்ட விதி. எண்ணோ பெரும்பாலும் வெளியை அடுத்துத் தனியே தொடங்கும். எனவே சொன்முதலில் வரும் 3456 எண்குறி. சொல்லிடையில் வருவது ணகரம். இலக்கண நூல்களில் எழுத்தின் பெயராக வரும் 'ணகரம்' இவ்விதிக்கு மாறுபடுமெனினும் தீங்கில்லை; அதனை அடுத்து வரும் ககரத்தின் 13 எந்த இலக்கத்திற்கும் உரியதன்று. ஒலியமைப்பைப் பற்றிய ஒரு பண்டை விதி, கணினி நிரலுக்குரிய நிபந்தனையாக இங்கே அப்படியே பயன்படுகிறது.

இரண்டாம் மயக்கம் உயிரைப் பற்றியது. மொழிமுதல் உயிருக்கும் உயிர்க்குறிக்கும் ஒரே வடிவம் என்பதால், அகரம் ஏறிய மெய்யை அடுத்துத் தனி உயிர் வந்தால் இரண்டும் சேர்ந்து வேறோர் உயிர்மெய்யாகிவிடும். இந்தியில் 'கயீ' என்பதுபோல் ஒலிக்கும் சொல்லில் ககரத்தை அடுத்துத் தனி ஈகாரமே வரும்; அங்கே இடையில் அகர வடிவத்தை இட்டுப் பிரிப்பது பாரதி முறையின் வழி. தமிழிலோ உடம்படுமெய் தோன்றுவதால் சொல்லிடையில் உயிர் தனித்து நிற்பதில்லை. அளபெடை ஒன்றே நிற்கும். அதுவும் நெட்டெழுத்தை அடுத்தே வரும். 'தழீஇ' என்பது 2345, 12356, 35, 24 என நான்கு அறை. ழகரம் ஈகாரத்தை ஏற்கனவே ஏற்றுவிட்டது. ஒரு மெய் இரண்டு உயிரை ஏற்காது. எனவே ஈற்றிகரம் அளபெடை என்பது ஐயமின்றித் தெளிவாகும். சங்க இலக்கியத்தையும் குறளையும் பிரெயிலில் படிப்போர்க்கு இது பெரும் நலம்.

நலம் கெடுவது இக்கால எழுத்துவழக்கில்தான். 'பலஇடங்கள்' என உடம்படுமெய்யும் வெளியும் இன்றி எழுதினால், பிரெயிலில் அது 'பலிடங்கள்' என்பதினின்றும் வேறுபடாது. '9இல்' என இடைவெளியின்றி எழுதினால் இகரத்தின் 24 மற்றோர் ஒன்பதாகி, தொண்ணூற்றொன்பது என்னும் எண் பிறக்கும். எண்ணுக்கும் உருபுக்கும் இடையே சிறுகோடு இடுவோர், தாம் அறியாமலே பிரெயில் வாசகருக்கு உதவுகின்றனர். '2ஆம்' என்பதில் இச்சிக்கல் இல்லை. ஆகாரத்தின் 345 இலக்கம் ஆகாது.

மூன்றாம் மயக்கம் மொழிக்கலப்பு. இக்காலத் தமிழ் ஆய்வுக்கட்டுரைகளில் ஆங்கிலச் சொல்லோ ஆங்கில நூற்பெயரோ இடையே வருவது இயல்பு. 56 என்னும் வடிவம் தமிழில் னகரம். ஆங்கிலத்தில் அடுத்து வருவது தனியெழுத்து எனக் காட்டும் குறி. 6 தமிழில் ஆய்தம். ஆங்கிலத்தில் பேரெழுத்துக் குறி. இதனைத் தீர்க்கத் தமிழிலக்கணம் உதவாது. கோப்பே தன் மொழியைக் கூற வேண்டும். எழுத்துமுறைகளுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐஎஸ்ஓ 15924 பிரெயிலுக்கு ஒரு நான்கெழுத்துக் குறியையும் 570 என்னும் எண்ணையும் வழங்கியுள்ளது. மொழிக்குறியோடு அந்நான்கெழுத்துக் குறியை இணைத்து 'பிரெயிலில் எழுதப்பட்ட தமிழ்' எனப் பனுவலின் ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளம் இடலாம். எக்ஸ்எம்எல் அமைப்பில் ஒருங்குறிப் பிரெயிலைச் சேமிக்கும் பிஇஎஃப் கோப்புவகையில் மேற்றரவுக்கு இடம் உண்டு. பழைய பிஆர்எஃப் கோப்பில் அதற்கு இடமே இல்லை. அத்தகைய கோப்புகளைத் தொகுத்துப் பெயர்க்க முற்படுவோர், 12356 என்னும் அறை தனித்து நிற்கும் ஒவ்வோரிடத்திலும், அது ஆங்கிலத் தொடரின் 'ஆஃப்' என்னும் சொல்லா, எழுத்ததிகார உரையொன்றில் தனித்தெழுதப்பட்ட ழகரமா என்பதை முன்பின் சொற்களை நோக்கியே முடிவு செய்ய வேண்டியுள்ளது.